ஏற்றுமதி செய்தால் போய்ச் சேருமா?

எங்கள் நீர்ப் பரிசோதனை வேலைக்குப் பயன்படும் செயலியைப் போன ஆண்டு தமிழாக்கினார்கள். களத்தில் குப்பியும் கையுமாக நிற்பவருக்கு ஆங்கிலத் திரை எதற்கு என்று முதலில் கேட்டவன் நான்தான். அதனால் குறை சொல்லவும் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. தமிழில் வந்த பொத்தான் இது: 'மாதிரித் தரவு ஏற்றுமதி'.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏரியில் பிடித்த பன்னிரண்டு குப்பிகள் ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு வந்தன. எந்தக் குப்பி எந்த இடத்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்தில் பிடித்தது என்ற விவரம் மட்டும் வரவில்லை. போன் செய்தால், "அப்பவே ஏத்திட்டேன் சார்" என்கிறார் களப்பணியாளர். அவர் பொய் சொல்லவில்லை. 'ஏற்றுமதி'யை அழுத்தியிருக்கிறார். கோப்பு அவருடைய டேப்லெட்டிலேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ஆங்கிலத்து எக்ஸ்போர்ட்டைத்தான் ஏற்றுமதி என்று ஆக்கியிருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் என்பதற்கு லத்தீனில் 'வெளியே சுமந்து செல்' என்று பொருள். சரக்கு வணிகத்தில் புழங்கிய சொல் பிறகு கணினிக்கு வந்தது. தமிழில் கப்பலில் ஏற்றினால் ஏற்றுமதி, இறக்கினால் இறக்குமதி. துறைமுகத்தில் நிற்கிறவரை இந்தச் சொற்களிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

செயலிக்குள் வந்ததும்தான் கோளாறு. சரக்கு ஏற்றுமதியானால் கிடங்கு காலி. தரவோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. செயலி தன் அட்டவணைகளைப் பார்த்து, எக்ஸ்எம்எல் என்ற, வேறு நிரல்களும் படிக்கக்கூடிய வடிவத்தில் ஒரு கோப்பாகத் திருப்பி எழுதுகிறது, அவ்வளவுதான். இடத்துக்குள் குப்பி, குப்பிக்குள் அளவீடு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு பெயர்ச்சீட்டு. ஆய்வகத்தின் தரவுதளம் அந்தச் சீட்டுகளைப் படித்துத்தான் எண்களை உரிய கட்டத்தில் போடுகிறது. இதில் கவனம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆர்செனிக் மிகக் குறைவாக இருந்து கருவிக்குப் பிடிபடவில்லை என்றால், 'லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கும் குறைவு' என்பதை எண்ணுக்கு முன்னால் '<' என்ற கோணக்குறி போட்டு எழுதுவோம். எக்ஸ்எம்எல்லுக்கு அதே கோணக்குறி பெயர்ச்சீட்டின் தொடக்கம். மாற்றுக் குறி போடாமல் அப்படியே எழுதிவிட்டால் முழுக்கோப்பும் செல்லாது. இது மூட்டை தூக்குகிற வேலையா? ஏட்டைப் பெயர்த்தெழுதுகிறவரின் வேலை.

இன்னொரு கோளாறு 'ஏற்று' என்ற வினையில் இருக்கிறது. அப்லோடுக்குப் பதிவேற்றம் என்று பத்துப் பதினைந்து ஆண்டாக மக்களைப் பழக்கிவிட்டோம். ஏற்றினால் சர்வருக்குப் போய்விடும் என்று நம்பாதவர் யார்? அதே திரையில் ஏற்றுமதி என்று ஒரு பொத்தானை வைத்தால், அழுத்துகிறவர் ஏத்திட்டேன் என்றுதான் சொல்வார். திசை குழம்புவது புதிதுமில்லை. பட்டினப்பாலையில் கடலிலிருந்து நிலத்துக்கு வரும் பண்டத்துக்குத்தான் 'ஏற்ற' வருகிறது. இன்றைய கணக்கில் அது இறக்குமதி!

மொழிபெயர்த்தவர்களிடம் சொன்னேன். "எல்லாச் செயலியிலும் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொற்பட்டியலில் ஆங்கிலத்துக்கு எதிரே இருக்கும் தமிழை எடுத்து ஒட்டுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூட அழுத்திப் பார்ப்பதில்லை. அப்புறம் தனித்தமிழ் ஆர்வலர் ஒருவர் 'தரவு வெளியேற்றம்' என்றார். தூய தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் மாசுக்கட்டுப்பாட்டு வேலையில் வெளியேற்றம் என்றால் ஆலை கழிவுநீரைத் திறந்துவிடுவது. அந்தப் பொத்தானை எங்கள் ஆட்கள் யாரும் தொட மாட்டார்கள்.

'மாதிரித் தரவு' தனி வேடிக்கை. பரிசோதனைக்குப் பிடித்த நீரின் விவரமா, பழகிப் பார்க்கக் கொடுத்த பொய்த் தரவா? சோற்றுப் பதம் பார்க்கிற 'பதம்' நம்மிடம் இருக்கிறது, பதக்கூறு என்று சொல்லும் உண்டு. இருந்தும் மாதிரி ஒன்றையே மாடலுக்கும் சாம்பிளுக்கும் போட்டுத் தேய்க்கிறோம். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

நான் சொல்வது படியெடுத்தல். கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுக்கிறார்கள். கல் கோயிலிலேயே நிற்கிறது, எழுத்து மட்டும் தாளில் வருகிறது. பொத்தானில் 'எக்ஸ்எம்எல் கோப்பாகப் படியெடு' என்று போடலாம். காப்பிக்கும் இதுதானே என்பார்கள். அதற்கு நகல் என்ற சொல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்து இம்போர்ட்டுக்கு 'கோப்பிலிருந்து சேர்' போதும். அனுப்புவது தனி வேலை, அதற்கு 'அனுப்பு' என்றே தனிப் பொத்தான் இருக்கட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட, நீர்த்தர விவரங்களை எக்ஸ்எம்எல்லில் வாங்கும் தன் ஏற்பாட்டுக்கு எக்ஸ்சேஞ்ச், அதாவது பரிமாற்றம், என்றுதான் பெயர் வைத்திருக்கிறது.

பொத்தான் இன்னும் மாறவில்லை. களப்பணியாளர் தன் டேப்லெட்டின் ஓரத்தில், குப்பிக்கு ஒட்டுகிற லேபிளிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்: 'அமுக்கினா போகாது. மெயில்ல அனுப்பணும்.'