மலையடிவார மேய்ச்சல்: மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

உங்கள் மாடு ஏறுகிற மலை எந்த வகைக் காடு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வனத்துறையோடு வரும் வாய்ச்சண்டை பாதி அங்கேதான் தொடங்குகிறது.

மதுரை மாவட்டத்தில் அழகர்மலை காப்புக்காடு, அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கிற காடு. அங்கே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பொருந்தும். அனுமதியில்லாமல் மாட்டை ஓட்டிப்போனால் குற்றம். பேரையூர் தாலுகா சாப்டூர் மலையின் கதை வேறு. அது சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ளும் வந்துவிட்டது.

தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலுக்கு இடமே இல்லை. சரணாலயத்தில் அப்படி ஒரேயடியாக மறுப்பில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 33ஆம் பிரிவில், மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதத்திலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சாப்டூர் மலை இந்தச் சுருக்கிய பட்டியலுக்குள்தான் வருகிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், காட்டுமாடும் மிளாவும் புள்ளிமானும் தின்கிற அதே புல்லைத்தான் நம் மாடும் தின்கிறது. கோடையில் தண்ணீர்க் குட்டையும் ஒன்றுதான். புல் குறைந்தால் மான் குறையும், மான் குறைந்தால் புலி பட்டி மாட்டைத் தேடி வரும். நோய் அதைவிட மோசம். 1968இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்கிற மாட்டுக் கொள்ளைநோய்) பரவிக் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். வாயிலும் காலிலும் புண் வருகிற கோமாரி அப்படி ஒழியவில்லை.

அதனால்தான் 33-அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட வேண்டும். ஊசி போடாத மாட்டை உள்ளே மேய்க்கக் கூடாது. அடிவாரத்து ஊர்க்காரர்கள் பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் உருப்படியான விதி. காட்டுமாட்டுக்கும் நல்லது, நம் மாட்டுக்கும் நல்லது, செலவும் இல்லை. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். காதில் 12 இலக்க எண் கொண்ட அடையாள வில்லையும் மாட்டுவார்கள். முகாம் எப்போது என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

சரி, தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்களுக்கு உரிமையே கிடையாதா? உண்டு. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(ஈ), மேய்ச்சலைச் சமூக உரிமையாகச் சொல்கிறது. ஊர் ஊராகக் கிடை போட்டுப் போகிறவர்களின் பருவகால மேய்ச்சலும் அதில் அடங்கும். சரணாலயமும் இந்தச் சட்டத்தின் கணக்கில் வனநிலம்தான். பளியர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

கோரிக்கை கிராம சபையில் தொடங்கும். வன உரிமைக் குழு நேரில் பார்க்கும். அப்புறம் கோட்ட அளவிலான குழு, கடைசியில் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. ஒரே சான்று போதாது. பழைய மேய்ச்சல் சீட்டு, அரசுப் பதிவேடு, உரிமை கோராத ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வாங்கியது என்று ஒன்றுக்கு மேல் சேர்த்துக் கொடுங்கள். மாட்டோடு வெளியூர் போயிருக்கும்போது குழு வந்து பார்த்துவிட்டு "யாருமில்லை" என்று எழுதிவிட முடியாது. மேய்ச்சல்காரர்கள் இருக்கிற நேரத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எந்த மாதம் ஊரில் இருப்பீர்கள் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மனு போட்டுவிட்டோம் என்பதற்காக மாட்டை உள்ளே ஓட்டிவிட வேண்டாம். வழக்காகிவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.