பப்பூசா மாவில் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள்

பப்பூசா என்றால் உள்ளே சீஸ், பீன்ஸ், இறைச்சி என்று பூரணம் வைத்துக் கல்லில் சுடும் மக்காச்சோள ரொட்டி. நவம்பர் இரண்டாவது ஞாயிறு, மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் பப்பூசா தினம். அதையொட்டி வீடியோக்கள் வரும், அப்புறம் என் போன் அடிக்கும். இந்த முறை மூன்றாவது ஆள்: "சார், மக்காச்சோள மாவில் வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து பிசைந்தேன். வாய் வெந்துபோச்சு, விளிம்பும் வெடிக்குது."

வேகாமல் என்ன செய்யும்?

எல் சால்வடோர்ப் பெண்களோடு ஒரே அடுப்படியில் நான்கு வருடம் நின்றவன் நான். மாவில் சுண்ணாம்பு போட்டு ஒருவரும் பிசைந்து பார்த்ததில்லை. சுண்ணாம்பு சேர்வது முழு மக்காச்சோள மணிகளில். ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிராம், அதுவும் உணவுக்கென்று விற்கும் சுண்ணாம்பு. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு அல்ல! உணவுச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் போகத் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவார்கள். கவனியுங்கள், அலசுவார்கள். பிறகுதான் அரைப்பது. இப்படிப் பக்குவப்பட்ட மக்காச்சோளம்தான் பசையாக ஒட்டும். பச்சை மாவில் சுண்ணாம்பைக் கொட்டினால் அந்த வேலை எதுவும் நடக்காது. சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும்.

இவ்வளவும் முடியாதா? 'மசா ஹரீனா' பாக்கெட் வாங்குங்கள், இப்படிச் சுண்ணாம்பில் பக்குவப்படுத்திய மக்காச்சோளத்தின் மாவு அது. கடையில் வெறுமனே 'சோள மாவு' என்று கேட்காதீர்கள். வெள்ளைச்சோள மாவைத் தருவார்கள், இல்லாவிட்டால் சூப்புக்குப் போடும் கார்ன்ஃப்ளார். இரண்டும் உதவாது.

வீட்டிலேயே மக்காச்சோளம் வேகவைப்பவர்கள் அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம், எவர்சில்வர் எடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், தயவுசெய்து.

பூரணத்துக்கு ராஜ்மா போடுகிறீர்களா? சரி, ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு மசிய வேகவையுங்கள். அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும். (இன்னொரு பூரணம் சிச்சரோன். அதை மொறுமொறு பன்றித்தோல் என்று நினைக்கிறார்கள். பப்பூசாவுக்குள் வைப்பது வேகவைத்து விழுதாக அரைத்த பன்றி இறைச்சி.)

உருண்டையை அழுத்தினால் விளிம்பு வெடிக்கிறதா? தண்ணீர் போதவில்லை, தெளித்துப் பிசையுங்கள். உள்ளங்கையில் எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக்கொண்டு தட்டி, சூடான கல்லில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். எடுத்ததும் கடிக்காதீர்கள், உள்ளே சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்குள் குர்த்தீதோவை, அதாவது தொட்டுக்கொள்ளும் புளிப்பு முட்டைகோஸ் ஊறுகாயை, தட்டில் எடுத்து வையுங்கள்.