அரங்கில் திசு, தொலைவில் கண்

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, எடுத்த கட்டி புற்றுநோய்தானா, வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்று அறுவை மருத்துவர் கேட்பார். திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்துப் பார்க்கும் வழக்கமான பயாப்ஸிக்கு ஓரிரு நாட்களாவது ஆகும் என்பதால், கிரையோஸ்டாட் கருவியில் சுமார் மைனஸ் 20 டிகிரியில் திசுவை உறையவைத்து, 5 மைக்ரான் அளவுக்கு மெலிதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் நோயியல் மருத்துவர்களான நாங்கள் ஏறத்தாழ 20 நிமிடங்களில் பதில் சொல்கிறோம். இதைத்தான் ஃப்ரோசன் செக்‌ஷன் என்கிறோம்.

இந்தப் பதிலைச் சொல்லும் நோயியல் மருத்துவர் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. இல்லாத இடங்களில், சீவலைப் பதித்த கண்ணாடித் தகடான ஸ்லைடை ஸ்கேன் செய்து அனுப்பினால், தொலைவில் இருக்கும் நாங்கள் திரையில் பார்த்துச் சொல்கிறோம். இப்படித் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்வது வட நார்வேயில் 1980களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

படம் தெளிவாகத் தெரியுமா என்றே பலரும் கேட்கிறார்கள். எனக்குப் பெரிய கவலை, ஸ்லைடுக்கு எந்தத் துண்டு வந்தது என்பதுதான். விரலால் தடவி, இறுகிய இடத்தைக் கண்டறிந்து வெட்டும் வேலையைத் தொலைவிலிருந்து செய்ய முடியாது. அது அங்கே நிற்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. வெட்டும் மேசைக்கு மேல் ஒரு கேமரா கட்டாயம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒருமுறை விளிம்புத் திசுவின் படத்தில் நோய் எதுவும் தென்படவில்லை. பதில் சொல்லுமுன் முழு ஸ்லைடின் சிறு படத்தைத் திறந்தேன். ஓரத்தில் வெளிறிய ஒரு துணுக்கு இருந்தது. கொழுப்புத் திசு என்பதால் ஸ்கேனர் அதை வெறும் கண்ணாடியென்று எண்ணி விட்டுவிட்டது. மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன். அந்தத் துணுக்கில்தான் புற்றுச் செல்கள் இருந்தன. அன்றிலிருந்து, ஸ்லைடில் எத்தனை துண்டுகள் என்று டெக்னீஷியன் தொலைபேசியில் சொல்ல, நான் திரையில் எண்ணிச் சரிபார்த்த பிறகே பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

சில கேள்விகளுக்கு இந்த முறையில் விடை கிடைக்காது. எலும்பைச் சீவ முடியாது. கொழுப்பு சரியாக உறையாது. தைராய்டில் வரும் ஃபாலிக்குலர் என்ற வகைக் கட்டி, தன்னைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்திருக்கிறதா என்பதை ஒன்றிரண்டு சீவலில் முடிவுசெய்ய இயலாது. அப்போது, “மெழுகு ஸ்லைடு வரட்டும்” என்கிறோம். காத்திருக்கும் குடும்பத்துக்கு அது வேதனை என்பதை அறிவேன். ஆனால் தவறான உறுதியால் ஓர் உறுப்பே போய்விடக்கூடும். இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் நோயாளிக்கு மயக்கம் கொடுக்குமுன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

முடிவைச் சொன்னதும், நோயாளியின் பெயர், உறுப்பு, வலமா இடமா, நான் சொன்ன பதில் ஆகிய அனைத்தையும் அறுவை மருத்துவர் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே தொலைபேசியை வைக்கிறேன்.