கேள்வி நேரம் ஏன் கடைசி ஐந்து நிமிடத்தில் வருகிறது?

அறிவியல் ஆய்வாளர்களுக்குப் பொதுமக்களிடம் பேசப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "இதை எப்படி எளிமையாகச் சொல்வது?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மக்களுக்கு விஷயம் தெரியாது, தெரிந்துவிட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதி ஆடு வளர்ப்பவர்களை. 1986 ஏப்ரலில் சோவியத் யூனியனில் செர்னோபில் அணு உலை வெடித்தது, மே மாத மழையோடு கதிரியக்கச் சீசியம் அந்த மலைகளில் இறங்கியது, ஜூனில் ஆடுகளை விற்கவும் வெட்டவும் அரசு தடை போட்டது. மூன்றே வாரம், அதற்குள் அளவு குறைந்துவிடும் என்றார்கள். குறையவில்லை. நிபுணர்கள் போட்ட கணக்கு களிமண் நிலத்துக்கானது. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு விடாது. அந்த மலையிலோ செடிகொடி மக்கி உண்டான அமில மண். அதில் சீசியம் வேர் வழியாகப் புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும், சாணம் வழியாகத் திரும்ப மண்ணுக்கும் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசிப் பண்ணைகளில் தடை நீங்கியது 2012இல்!

கணிப்பு தப்புவது அறிவியலில் சகஜம், அதை விடுங்கள். பிரையன் வின் என்ற சமூகவியலாளர் அந்த விவசாயிகளோடு பேசி எழுதியதில் என்னை உறுத்துவது வேறு. பென்டோனைட் என்ற களிமண் தூளைப் புல்லில் தூவினால் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, ஆடுகளை வேலி போட்டு அடைத்து விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு, அடைத்தால் தேறாது, உங்கள் அளவீடே தப்பாகிவிடும் என்று விவசாயிகள் சொன்னார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அதே காரணத்தால் சோதனையைக் கைவிட்டார்கள். பக்கத்திலேயே 1957இல் தீப்பிடித்த விண்ட்ஸ்கேல் அணு உலை இருக்கிறதே, இந்தச் சீசியம் அதிலிருந்து வந்ததில்லையா என்றும் கேட்டார்கள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னவர்கள், ஒரு பகுதி செர்னோபிலுக்கு முந்தைய பழைய சீசியம்தான் என்று பின்னால் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இதற்கெல்லாம் அணு இயற்பியல் பாடம் எடுத்து என்ன பயன்?

கேட்பவர் மனதில் ஓடும் கேள்வியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னாலும் இதே கதிதான். 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்த நாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. உண்மைதான். 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வரும், அவ்வளவுதான். பெண்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது, நாளைக்கு மாத்திரை போடலாமா கூடாதா என்பது. பயந்து நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் பல ஆயிரம் கூடின. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது தலைப்புச் செய்திகளில் காணாமல் போயிற்று.

மக்கள் சொல்வதைக் கேள் என்றால் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவதா என்று சிலர் கோபப்படுவார்கள். இல்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதில்லை. அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998 கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் தயங்கும் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசினால், பலர் அந்தக் கட்டுரையைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே நாளில் இத்தனை ஊசி போடலாமா, ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, இதுதான் அவர்கள் கவலை. அவர்களுக்கு ஆட்டிசம் பற்றி அரை மணி நேரம் பேசினால், இல்லாத சந்தேகத்தை நாமே விதைத்துவிட்டு வருவோம்.

பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழு 2000லேயே, அறிவியலை மக்களிடம் கொண்டுபோக ஒருவழிப் பிரசங்கம் போதாது, உரையாடல் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதற்கப்புறம் நிதி கேட்கும் விண்ணப்பங்களில் எல்லாம் உரையாடல் என்ற சொல் தவறாமல் வருகிறது. நிகழ்ச்சியில் அது கடைசி ஐந்து நிமிடம், அதிலும் பாதி நன்றியுரை!

என்னிடம் வருபவர்களை, ஸ்லைடு தயாரிக்கும் முன்பே கேள்விகளை வாங்கிவிடச் சொல்கிறேன். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கருத்துக் கேட்பதுபோல் நடிக்கக் கூடாது. மேடையில் பதில் தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். "பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு, யார் பார்ப்பது, எப்போது சொல்வது என்று எவரும் குறித்துக்கொள்வதில்லை. அதனால் பதில் வெளியாகும் தேதியையும் பொறுப்பானவர் பெயரையும் இப்போதெல்லாம் அழைப்பிதழிலேயே அச்சடிக்கச் சொல்கிறேன். முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் செய்கிறார்கள்.