ஆய்வகத்துக்குள் வரக்கூடாத ஒரு சொலவடை

'ஃபேக் இட் டில் யூ மேக் இட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொலவடை உண்டு. வெற்றி கைக்கு வரும்வரை, வந்துவிட்டது போலவே நடந்துகொள் என்று பொருள். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளே உதறலெடுத்தாலும் நிமிர்ந்து உட்கார், கேட்கும்படி பேசு என்ற அளவில் நல்ல யோசனைதான். முதன்முதலாக மேடையேறுகிறவருக்கும் இது கைகொடுக்கும்.

நான் நோயியல் மருத்துவர். ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் இந்தச் சொலவடை வேறு முகம் காட்டுகிறது. புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களில் சிலர், தொட்டே பார்க்காத அனலைசரை (ரத்தத்தைப் பரிசோதிக்கும் கருவி) ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டால், "தெரியாதுன்னா வேலை தரமாட்டாங்க மேடம், சேர்ந்து கத்துக்கலாம்னுதான்" என்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாது என்று சொன்னவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை பல ஆய்வகங்களுக்கு இல்லை. ஆனால் கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, விடை முன்பே தெரிந்த மாதிரியைக் காலையில் போடுவோம்; அதுதான் கன்ட்ரோல். அது சரியாக வராதபோது, வந்ததாக ரிஜிஸ்டரில் எழுதிவிட்டால், அன்று வெளியே போகும் ரிப்போர்ட் எதையும் நம்ப முடியாது.

அமெரிக்காவில் தெரனோஸ் நிறுவனத்துக்கு நடந்தது இதுதான், மிகப் பெரிய அளவில். எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல் தொடங்கிய நிறுவனம் அது. விரலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்திலேயே நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்யலாம் என்றார்கள். 2013-ல் வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளில் மக்களிடமிருந்து ரத்தம் எடுக்கத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர்வரை ஏறியது. உள்ளேயோ, அவர்களுடைய எடிசன் கருவியால் சில பரிசோதனைகளைத்தான் செய்ய முடிந்தது. மற்ற பல பரிசோதனைகளுக்கு வேறு கம்பெனியின் அனலைசர்களை மாற்றியமைத்து, அந்தச் சில துளிகளை நீர்க்கவைத்து ஓட்டினார்கள்.

விரலைப் பிழிந்து ரத்தம் எடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்துவிடும். உடம்பில் பொட்டாசியம் இயல்பான அளவில், 4.2 என்று இருப்பவருக்கு ரிப்போர்ட்டில் 6 என்று வரலாம். அந்த எண்ணை நம்பினால், இதயத்துக்கு ஆபத்து என்று நல்ல மனிதரை அவசரப் பிரிவுக்கு ஓடவைப்போம். முதலீட்டாளர் முன்னால் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் சிவப்பணு உடைவது நிற்காது.

எடிசனில் எடுத்த இரண்டு ஆண்டு முடிவுகளை நிறுவனமே 2016-ல் செல்லாது என்று அறிவித்தது. 2022 ஜனவரியில், முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 11 ஆண்டு 3 மாதச் சிறை. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுகளில் தண்டனை இல்லை. பணம் போட்டவர்களுக்குக் கிடைத்த நியாயம் ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதனால் ரிப்போர்ட் வாங்கும் நீங்கள் தயங்காமல் கேளுங்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரு எண் மட்டும் பயமுறுத்தினால், புதிதாக ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துத் தரப்படும் என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறது என்றால், நீங்கள் செய்துகொள்ளும் பரிசோதனை அந்த அங்கீகாரம் பெற்ற பரிசோதனைகளின் பட்டியலில் உண்டா என்றும் விசாரியுங்கள். ஆய்வகத்தில் சேரப்போகும் தம்பி தங்கைகள், தெரியாத கருவியைத் தெரியாது என்றே சொல்லுங்கள். கற்றுக்கொடுக்க வேண்டியது எங்கள் வேலை.