தனி அறை இல்லாதவர்களுக்கான முன்னெச்சரிக்கை: பெருந்தொற்றும் அகதிகளின் மருத்துவ உரிமையும்

பெருந்தொற்றுக் காலத்தில் வெளியிடப்படும் சுகாதார அறிவுரைகள் பெரும்பாலும் நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. கைகளை 20 விநாடி சோப்பிட்டுக் கழுவுங்கள், பிறரிடமிருந்து விலகியிருங்கள், காய்ச்சல் கண்டால் தனி அறையில் இருங்கள் என்பவை எல்லாம் சரியான அறிவுரைகளே. ஆனால் அகதிகளுக்கும் புகலிடம் கோருவோருக்கும் மருத்துவம் பார்க்கும் பணியில், இவற்றைச் சொல்லிவிட்டு நோயாளியை அனுப்பிவிட முடிவதில்லை. ஒரே கூடாரத்தில் ஏழு பேர் உறங்கும் குடும்பத்திடம் தனி அறையைப் பற்றிப் பேசினால், அவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள்; தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த முறை வரவும் மாட்டார்கள்.

மனிதநேய உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் தரநிலைகள், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம், 250 பேருக்கு ஒரு குழாய் என வரையறுக்கின்றன. இந்த அளவைக்கூட எட்டாத முகாம்கள் பல. எட்டினாலும், அந்த 3.5 சதுர மீட்டருக்குள் இரண்டு மீட்டர் இடைவெளி விடுவது இயலாத காரியம். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவிலிருந்த மோரியா முகாம் ஏறத்தாழ 3,000 பேருக்காக அமைக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் கோவிட் தொற்றும் தனிமைப்படுத்தலும் உண்டாக்கிய பதற்றத்துக்கு நடுவே அது தீக்கிரையானபோது, அங்கே 12,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஆகவே முகாமில் தனிமனிதரை மட்டும் ஓர் அலகாகக் கொள்ளாமல், ஒரு கூடாரத்தில் வாழும் குடும்பத்தையே ஓர் அலகாகக் கொண்டு, கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையிலான கலப்பைக் குறைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கூட்டம் சேரும் இடம் பெரும்பாலும் வரிசைதான்: உணவுக்கு, தண்ணீருக்கு, மருந்துக்கு. நிவாரணப் பொருள்களையும் நாள்பட்ட நோய்களுக்கான மருந்துகளையும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வழங்கினால் அந்த வரிசைகளில் பெரும்பகுதி தானாகக் கரைந்துவிடும். இதற்கு எந்தப் புதிய கருவியும் வேண்டியதில்லை, நிர்வாகத்தின் ஒரு முடிவு போதும். கூடாரத்தின் எதிரெதிர் மடல்களைத் திறந்து காற்றோடச் செய்வதும், ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால் இருக்குமாறு மாற்றிப் படுப்பதும், தண்ணீர் குறைவாக உள்ள நாளில் உணவைத் தொடும் முன்பும் கழிப்பறை சென்று வந்த பின்பும் கட்டாயம் கை கழுவுவதும் யாராலும் செய்யக்கூடியவை.

நோய் முற்றுவதை அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை என்பதையும் முகாம்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அமைதியாக இருக்கும் நேரத்தில் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவருக்கு நிமிடத்துக்கு 30-க்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், எழுப்ப இயலாத மயக்கம் இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே கொண்டுவாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும் என்பதால், எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக மூச்சுத் திணறுபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

உடனே கொண்டுவாருங்கள் என்று நாங்கள் சொன்னாலும் பலர் வருவதில்லை. தூரமும் செலவும் மொழியும் காரணங்களே. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான காரணம் அச்சம் என்பதே என் அனுபவம். பதிவேட்டில் எழுதப்படும் பெயர் குடியேற்றத் துறைக்குப் போய்விடுமோ, தொற்று உறுதியானால் குடும்பத்திலிருந்து பிரித்துவிடுவார்களோ, புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்படுமோ என்று அஞ்சும் ஒருவர், காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். அவரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. மருத்துவப் பதிவேடுகளுக்கும் குடியேற்ற அதிகாரிகளுக்கும் இடையே உறுதியான தடுப்பு இருக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இரக்கத்தினால் மட்டுமல்ல, தொற்றியல் கணக்கினாலும்தான்: பரிசோதனைக்கு வராதவரைத் தனிமைப்படுத்தவும் இயலாது, அவரோடு பழகியவர்களைக் கண்டறியவும் இயலாது.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. 1966-இன் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு உடல்நலத்தை எல்லோருக்குமான உரிமையாக்குகிறது. 2000-ஆம் ஆண்டில் அதற்கு விளக்கம் அளித்த ஐ.நா. குழு, புகலிடம் கோருவோரும் ஆவணமற்றவர்களும் அதில் அடங்குவர் என்று தெளிவுபடுத்தியது. நடைமுறையிலும் முன்னுதாரணங்கள் உள்ளன. 2020 மார்ச்சில் போர்த்துகல், விண்ணப்பம் நிலுவையிலிருந்த புலம்பெயர்ந்தோரையும் புகலிடம் கோருவோரையும் தற்காலிகமாகச் சட்டபூர்வ வசிப்பாளர்களாகவே நடத்தி, பொது மருத்துவச் சேவையைத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் ஜோர்டான், தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோதே அகதிகளையும் அதில் சேர்த்தது. செல்வம் மிகுந்த நாடாக இருந்தால்தான் இது முடியும் என்ற வாதத்துக்கு ஜோர்டானே போதுமான பதில்.

கோவிட் தடுப்பூசியை நாடுகளுக்கிடையே பகிர்ந்தளிக்க அமைந்த கோவாக்ஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தில், அரசுகள் சென்றடையாத மக்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட தடுப்பூசிக் கையிருப்பு, எதிர்பார்த்த வேகத்தில் கைக்கு வரவில்லை. பக்கவிளைவு ஏற்பட்டால் சட்டப் பொறுப்பை யார் ஏற்பது என்ற கேள்வியில், அதைப் போடவேண்டிய தொண்டு அமைப்புகள் சிக்கிக்கொண்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய விஷயம் இது.

பெருந்தொற்றில் கவனம் குவியும்போது மற்ற நோய்கள் கைவிடப்படுவதையும் குறிப்பிட வேண்டும். குறைந்தது பல மாதங்கள் தொடர வேண்டிய காசநோய்ச் சிகிச்சை பாதியில் நின்றால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாக வழியாகிறது. குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசி சில மாதங்கள் தவறினால், நெரிசலான முகாமில் முதலில் நுழைவது தட்டம்மையாகத்தான் இருக்கும். இன்சுலினும் பிரசவ உதவியும் ஊரடங்கிலும் நிறுத்தக்கூடாதவை.

சக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயரைக் கேட்பதற்கு முன், அந்தப் பெயர் எங்கே பதிவாகும், யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். சிகிச்சைக்குத் தேவையில்லாத எதையும், குறிப்பாக நாட்டுக்குள் வந்த வழியை, கேட்காதீர்கள். நோயாளியின் குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் இரத்தப்போக்கைப் பற்றியோ தந்தையின் நோய் முற்றியதைப் பற்றியோ பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை, சொல்லப்படுவதும் முழுமையாக இராது. தொலைபேசி வழியாகவேனும் பயிற்சி பெற்ற ஒருவரை நாடுங்கள்.

முகாமிலோ நகரின் வாடகை அறையிலோ வாழும் அகதிகள், தங்கள் மருந்துச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் கைபேசியில் படமெடுத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நாட்டுக்கு நாடு வணிகப் பெயர் மாறுவதால், மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இல்லை என்று எங்காவது திருப்பி அனுப்பினால், அந்த இடம், தேதி, சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகத்திலோ சட்ட உதவி அமைப்பிலோ தெரிவியுங்கள். மூச்சுத்திணறல் போன்ற அவசர நிலையில் அதற்கெல்லாம் காத்திராமல், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகச் செல்லுங்கள்.