உலோக டாங்கில் ட்ராக்கைக் கடைசியில் மாட்டுங்கள்

1/16 அளவு ரிமோட் டாங்க் வாங்கியவர்கள் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் உலோக ட்ராக்கைத்தான், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிப் பட்டையை. பார்வைக்குக் கம்பீரம், சிமென்ட் தரையில் ஓடும்போது வரும் சத்தமும் அசல் போலவே இருக்கும். ஆனால் பழுதாகி சர்வீஸுக்கு வருகிற டாங்குகளில் அடிக்கடி காண்பதும் இதைத்தான்: பிளாஸ்டிக் கியர்பாக்ஸின் தலையில் உலோக ட்ராக். உள்ளே கியர் பற்கள் மழுங்கியிருக்கும், அல்லது கியர்பாக்ஸ் உறையே விரிசல் விட்டிருக்கும். மாற்றும் வரிசை உள்ளிருந்து வெளியே போக வேண்டும். முதலில் கியர்பாக்ஸும் மோட்டாரும், பிறகு ஒயரும் கனெக்டரும், அதன்பின் ஸ்ப்ராக்கெட் (ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரம்), ஐட்லர் (மறுமுனையில் ட்ராக்கைத் தாங்கும் சக்கரம்), சஸ்பென்ஷன். ட்ராக் கடைசி.

காரணம் எடை. அளவு 16-இல் ஒரு பங்கு என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறையும். எடை 4096-இல் ஒரு பங்காகும். ஜெர்மன் டைகர் 1 சுமார் 57 டன், அதன் சரியான மாதிரி எடை 13.9 கிலோ. ஆவடியில் தயாரான விஜயந்தா 39 டன், மாதிரிக்கு 9.5 கிலோ. அர்ஜுன் முதல் வகை 58.5 டன், மாதிரிக்கு 14.3 கிலோ. முழு உலோக உடல் செய்பவர்கள் இதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள், எட்ட வேண்டிய இலக்காக அல்ல. 8 கிலோவிலேயே டாங்க் தரையில் அழுத்தமாக உட்கார்ந்து நன்றாக ஓடும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் மோட்டாரையும் பேட்டரியையும் தின்னும்.

அந்த 8 கிலோ டாங்க் 20 டிகிரிச் சரிவில் ஏறுகிறது என்று வையுங்கள். ஏற்காட்டுப் பக்கத் தோட்டப் பாதைகளில் ஓட்ட நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். சரிவு பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 2.7 கிலோ. ஸ்ப்ராக்கெட் விட்டம் 5 செ.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 6.8 கிலோ-செ.மீ. முறுக்கு தேவை, பக்கத்துக்கு 3.4. ட்ராக் பின்களின் உராய்வும், சக்கரம் மண்ணில் புதைவதும் இதில் சேரவில்லை. குறைந்தது இரண்டு மடங்கு கையிருப்பு வையுங்கள். அதைவிடப் பெரிய சுமை, நின்ற இடத்திலேயே திரும்புவது. இரண்டு ட்ராக்கும் பக்கவாட்டில் தரையை அரைத்துக்கொண்டே நகர வேண்டும் என்பதால், புல்தரையில் அப்படித் திருப்பினால் மோட்டார் ஏறக்குறைய நின்றுபோகும். நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு “நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிடக் கூடாது என்பது அதனால்தான்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. அசல் 40 கி.மீ. வேகம் மாதிரியில் மணிக்கு 2.5 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 42 மீட்டர். 5 செ.மீ. ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றில் 15.7 செ.மீ. நகர்த்தும், நிமிடத்துக்கு சுமார் 265 சுற்று போதும். சுமையோடு 12,000 சுற்று சுழலும் மோட்டார் என்றால் கியர்களின் மொத்தக் குறைப்பு 45-க்கு 1 வேண்டும், அதாவது மோட்டார் 45 சுற்று சுற்றினால் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று. கடைகளில் 3-க்கு 1, 4-க்கு 1 என்று எழுதி விற்பது இந்த மொத்தக் கணக்கு அல்ல. அவற்றில் 4-க்கு 1 மெதுவானது, இழுவை கூடியது. உலோக ட்ராக்குக்கும் மலைப்பாதைக்கும் அதையே வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் மாற்றும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. மோட்டாரைப் பிடிக்கும் திருகு நீளமாக இருந்தால் உள்ளே போய் காயிலைக் கிழிக்கும். புது மோட்டார் முதல் ஓட்டத்திலேயே புகைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திருகை மாட்டும் முன் அது எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று அளந்து பாருங்கள். அடுத்தது, மோட்டார் பினியனுக்கும் (மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரம்) முதல் கியருக்கும் உள்ள இடைவெளி. நடுவில் ஒரு துண்டு நோட்டுத்தாள் வைத்து இறுக்கி, பிறகு கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல் தடம் பதிந்து, தாள் கிழியாமல் வந்தால் சரி. உலோகத்தில் ஏறும் திருகுகளுக்கு திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக்கில் அது பட்டால் நாளடைவில் விரிசல் வரும், அங்கே போடவே கூடாது.

பெட்டியில் “மெட்டல்” என்று போட்டிருப்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. கனம் உண்டு, அடி தாங்காது. வளையாமல் ஒடியும். சேலத்தில்தான் இத்தனை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றனவே, ஒடிந்ததைப் பொடி (வெள்ளியை ஒட்டும் பற்றுக் கலவை) வைத்து ஊதிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். துத்தநாகக் கலவை 420 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். வெள்ளிப் பொடி இளக 600 டிகிரிக்கு மேல் சூடு தேவை. ஒட்டு விழும் முன் பாகமே உருகி வழியும். ஒடிந்த சஸ்பென்ஷன் கையையும் தண்டையும் லேத் பட்டறையில் எஃகில் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது. ஸ்ப்ராக்கெட் செய்யக் கொடுத்தால் இரண்டையும் ஒரே முறையில் வெட்டச் சொல்லுங்கள். விட்டத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் டாங்க் ஒரு பக்கமாகவே இழுக்கும். நகைத் தொழில் சாமான் கடையில் கிடைக்கும் சன்ன அரங்கள், ட்ராக் கண்ணிகளின் ஓரப் பிசிறை நீக்கப் பொருத்தமானவை. பிசிறோடு மாட்டினால் பின் துளை சீக்கிரம் தேயும்.

மட்கார்டுக்கு 304 துருப்பிடிக்காத எஃகுத் தகடு எடுப்பவர்கள் 0.5 மி.மீ. போதும் என்று வையுங்கள். துளையிடும்போது வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விடுங்கள். வேகமாகச் சுற்றவிட்டு மெல்லத் தொட்டால் அந்த இடம் இறுகி, பிறகு எந்த பிட்டும் இறங்காது.

பிளாஸ்டிக் உடலில் ஒயர் உரசினால் ஒன்றும் ஆகாது. உலோக உடலில் அதே உரசல் ஷார்ட் சர்க்யூட். தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள். டரெட் (பீரங்கி உள்ள மேல்கூண்டு) சுழலும் இடத்தில் ஒயரைச் சற்றுத் தளர்வாக விட்டுக் கட்டுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியை ஒட்டியே, கார்களில் போடும் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். அது அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் தேடாதீர்கள். மீட்டரை இணைத்து, இடத்திலேயே திரும்பும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். கூடவே வரும் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் இந்தச் சுமையில் சூடாகி இளகும், அதிக மின்னோட்டம் தாங்கும் எக்ஸ்டி60 கனெக்டராக மாற்றுங்கள்.

உலோக உடல் ரிமோட் அலையையும் மறைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறையில்லாமல் தெரியும் 31 மி.மீ. பகுதிதான் அலையைப் பிடிப்பது. அது முழுவதும் தகட்டுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதைச் சுருட்டி உள்ளே வைத்த டாங்க் பத்தடியில் கட்டுப்பாடு இழந்து, 8 கிலோ எடையோடு யார் காலின் மேலாவது ஏறும்.

சேலத்துச் செம்மண் புழுதி கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் களிம்பாகிவிடும். ட்ராக் பின்களுக்கு எண்ணெய் விடாமல் உலர்வாகவே ஓட்டி, முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டுங்கள். கிரீஸ் போடுவது, உறை மூடிய கியர்பாக்ஸுக்குள் மட்டும். ஏற்காட்டுக் குளிரிலிருந்து கீழே இறக்கினால் உலோகத்தில் நீர் வியர்க்கும். மூடியைத் திறந்து அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு பேட்டரியை இணையுங்கள். சித்திரை, வைகாசியில் காலையிலோ மாலையிலோ ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மோட்டாரைத் தொடுங்கள். விரலை மூன்று விநாடி வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு அது போதும்.

குண்டு சுடும் வசதி இருந்தால் குழந்தைகள் உள்ள வீட்டில் அதன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போகும்.

லித்தியம் பேட்டரி விஷயத்தில் சலுகையே கிடையாது. இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் பேக் முழு சார்ஜில் 8.4 வோல்ட். ஓட்டி முடித்து ஓய்ந்த நிலையில் செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேக்கை 2 ஆம்பியரில், செல்களைச் சமமாக்கும் (பேலன்ஸ்) சார்ஜரில், ஓட்டிய சூடு ஆறிய பிறகு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் டாங்கை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போக வேண்டாம். வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, டாங்கிலிருந்து கழற்றி, தீப்பிடிக்காத பெட்டியில் வையுங்கள். உப்பிய பேக்கை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கக் கூடாது, மறுபடி சார்ஜும் போடக் கூடாது. வீட்டுக்கு வெளியே மணல் போட்ட சட்டியில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.